அக்கா தனியாகப் போன காடு

பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு, வாயை மூட மறந்து அக்கா நின்ற அந்தக் காலை நேரத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். சந்தோஷமான காட்சிதான் அது. அவ்வளவு சந்தோஷமாக நான் அவளை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. ஈரமான உசிலை மரங்களுக்கு நடுவே, தீபாவளிப் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றாள். அந்தச் சந்தோஷம் அவள் முகத்தை விட்டு இறங்குவதற்குள் நான் அதைக் கெடுத்தேன். வேறு யாரோ கெடுத்தார்கள் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தான் மேல் போட்டேன், அப்பா மேல் போட்டேன், அந்தக் காலத்தின் மேல் போட்டேன். இந்த வயதில் அந்தச் சௌகரியமெல்லாம் தீர்ந்துபோய்விட்டது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் அளவு வைத்திருந்தார்கள். பெட்ரோல் கிடைக்காததால் அரியலூரிலிருந்து வரும் பஸ்ஸின் பின்பக்கம் பெரிய கரி அடுப்பு ஒன்றை மாட்டியிருப்பார்கள். அந்தக் கரிப்புகையில்தான் வண்டி ஓடும். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். அப்படித் தள்ளித் தள்ளிக் கரி படிந்த பட்டுச் சட்டையோடுதான் அத்தான் தலை தீபாவளிக்கு எங்கள் ஊரில் வந்து இறங்கினார். குன்னத்துக்குக் கிழக்கே, கரிசல் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் எங்கள் ஊர். "மாப்பிள்ளையவே தள்ள வச்சுட்டானுங்களே பாவிங்க" என்று அப்பா கண்டக்டரோடு சண்டைக்குப் போனார். அத்தான் சிரித்துக்கொண்டே, "நான் தள்ளலைன்னா பஸ்ஸு கார்த்திகைக்குத்தான் வந்து சேரும், மாமா" என்றார். அந்தச் சிரிப்பில் நாங்கள் எல்லோரும் விழுந்துவிட்டோம். நான் எல்லோரையும்விட முதலில் விழுந்தேன்.

அத்தான் உடையார்பாளையம் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. ஜெயங்கொண்டம் பக்கத்தில் முந்திரித் தோப்பும் கொஞ்சம் நஞ்சையும் உள்ள குடும்பம். வரும்போது தோளில் தோலுறை போட்ட பைனாகுலர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய அதிகாரி ஒருவரிடம் இரவல் வாங்கி வந்தாராம். அந்த அதிகாரி ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரைகளில் நின்று பறவை பார்ப்பாராம். "பெரிய மனுஷங்க எல்லாம் இப்ப பட்சிதான் பாக்குறாங்க, மாமா. உங்க ஊருலதான் ரிசர்வ் காடு இருக்கே, நாமும் ஒரு நாளைக்குப் போய்ப் பாப்போம்" என்றார். தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை ஒன்று கேட்டு இல்லையென்று சொன்ன வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. நிலாவைக் கேட்டிருந்தாலும் அப்பா ஏணி தேடியிருப்பார். தீபாவளிக்கு மறுநாள் காலைக்கு வில்வண்டி பூட்டச் சொல்லியாகிவிட்டது.

மச்சினனுக்கு அந்த நாட்களில் ஒரே வேலைதான் உண்டு. மாப்பிள்ளையைப் பொழுது போகாமல் உட்கார விடக் கூடாது. கேலி செய்ய வேண்டும், கேலியை வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்ல வேண்டும், கூடத்தில் உள்ளவர்கள் சிரிக்க வேண்டும். நான் திருச்சியில் இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் நீளம். அந்த நீளத்தில் எனக்குக் கர்வமும் இருந்தது.

தீபாவளி அன்று சாயங்காலம் அக்கா கிணற்றடியில் என்னைப் பிடித்தாள். எட்டாவது பாஸ் செய்திருந்தாள் அவள். திருச்சியில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் பிடித்த பிடி. வாத்தியாரம்மா கிடைக்காமல் ஊர் ஊராகப் பெண்பிள்ளைகளின் பள்ளிகள் காத்துக் கிடந்த காலம். அத்தானிடம் ஒருமுறை சொல்லியிருந்தாள். அவர் முடியாது என்று சொல்லவில்லை, "பாக்கலாம்" என்றாராம்.

"நாளைக்குக் காட்டுல வச்சுக் கேளுடா. அங்க அவரு நல்ல மனசோட இருப்பாரு. நான் கேட்டா பொண்டாட்டி கேக்குறான்னு ஆயிடும். படிச்ச மச்சான் கேட்டா மறுக்க மாட்டாரு. அக்கா டிரெயினிங் முடிச்சா ஜெயங்கொண்டத்துலயே வேலை கெடைக்கும்னு சொல்லு."

"சொல்றேன்."

"விளையாட்டாச் சொல்லாத. வெளையாட்டு வேற, இது வேற."

"சொல்றேன்னு சொல்றேன்ல."

காட்டுக்கு அவள் புதியவள் இல்லை. எங்கள் பருத்திக் கொல்லையின் எல்லைதான் காட்டின் எல்லை. சிறு வயதில் கொல்லைக்குக் கஞ்சி எடுத்துப்போகும் சாக்கில் இருவரும் உள்ளே நுழைந்துவிடுவோம். நான் காரைப்பழம் தேடிப் போவேன். அவள் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பாள். எந்தக் குருவி எந்த மரத்தில் அடையும், எது ஐப்பசி மழையோடு வந்து மாசியில் காணாமல் போகும் என்பதெல்லாம் யாரும் சொல்லித்தராமல் அவளாகவே பார்த்துத் தெரிந்துகொண்டது. அவள் பெரியவளான பிறகு அப்பா ஒரு சட்டம் போட்டார். "தம்பி கூட இருந்தா போ, இல்லாட்டி வாசப்படி தாண்டாத." அதனால் நான்தான் அவளுடைய அனுமதிச் சீட்டு. விடுமுறைக்கு நான் ஊருக்கு வந்தால் அவளுக்குக் காடு திறக்கும்.

அந்தச் சீட்டை நான் எப்படி வைத்திருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். காட்டின் ஓரத்தில் ஓடைக்கு ஒரு பாலம் இருந்தது. அதற்கடியில் என் சிநேகிதர்கள் இரண்டு பேர் காத்திருப்பார்கள். அக்காவைக் காட்டுப் பாதையில் விட்டுவிட்டு நான் பாலத்தடியில் உட்கார்ந்து பீடி பிடிப்பேன். அவள் தனியாக உள்ளே போய்ப் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு வருவாள். திரும்பும்போது வேப்பங்கொழுந்தைக் கிள்ளி என் கையில் கொடுத்து, "மெல்லுடா, அப்பா மோப்பம் பிடிச்சுடும்" என்பாள். பீடி விஷயத்தில் அப்பா அப்படி. "உன் வாயில பொகை வந்துச்சுன்னா அன்னைக்கே படிப்பு நிக்கும், ஏரைப் பிடிக்க வேண்டியதுதான்" என்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர். ஆக, அவள் காட்டுக்குள் தனியாகப் போனது என்னால். அதை வெளியில் சொல்லாதது அவள் எனக்குக் கொடுத்த காவல்.

இரவில் பெய்த மழை விட்டு, மறுநாள் ஈரமான காலை. அப்பா, அத்தான், நான் மூவரும் கிளம்பினோம். அத்தான்தான், "அவளும் வரட்டும். பட்சி சாஸ்திரக்காரியே அவதானாமே" என்று அக்காவையும் வண்டியில் ஏறச் சொன்னார். கல்யாணமாகி மூன்றாம் மாதத்துப் பெண்ணைக் காட்டுக்குக் கூட்டிப்போவதில் அம்மாவுக்கு விருப்பமில்லை. மாப்பிள்ளை சொல்லிவிட்டதால் வாயை மூடிக்கொண்டாள்.

காட்டுக்குள் கொஞ்ச தூரம் போயும் ஒரு காக்கையைக்கூடக் காணோம். அத்தான் ஆபீஸ் பூட்ஸ் போட்டிருந்தார். அதில் ஈர மண் அப்பிக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் சளக் சளக் என்றது.

"என்ன மச்சான், உங்க ஊருப் பட்சியெல்லாம் எண்ணெய் தேச்சுக் குளிக்கப் போயிடுச்சா?"

அக்கா பட்டென்று சொன்னாள். "உங்க பூட்ஸ் சத்தம் செந்துறை வரைக்கும் கேக்குது. அதைக் கழட்டுங்க, எல்லாம் வரும்."

அப்பாவுக்கு உயிரே போய்விட்டது. "ஏ புள்ள, யாருகிட்டப் பேசுறோம்னு..." என்று ஆரம்பித்தார்.

"விடுங்க மாமா. தாசில்தார் உத்தரவே இப்படி இருக்காது" என்று அத்தான் சிரித்தபடி உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். அதை நான் கையில் தூக்கிக்கொண்டேன். இப்படியெல்லாம் ஒரு மனுஷன் இறங்கி வந்தான் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கணக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு அக்கா முன்னால் நடந்தாள். வீரை மரங்கள் நெருக்கமாக நின்ற ஒரு பள்ளத்தில் கையைத் தூக்கி எங்களை நிறுத்தினாள். சருகுக்குள் ஏதோ புரட்டிக்கொண்டிருந்தது. ஆறுமணிக் குருவி. காலையிலும் அந்தியிலும் ஆறு மணிவாக்கில் விசில் அடிப்பதால் அந்தப் பெயர். மழையோடு வடக்கேயிருந்து வந்து இறங்கும். முதுகில் பச்சை, தோளில் ஒரு துணுக்கு நீலம், வாலுக்கடியில் குங்குமம் கொட்டியது போலச் சிவப்பு. இவ்வளவு நிறத்தையும் வைத்துக்கொண்டு அது தரையில் ஏழைக் கோழி மாதிரி சருகு கிளறிக்கொண்டிருக்கும். அத்தான் பைனாகுலரில் வெகுநேரம் பார்த்தார். அவர் முகமே மாறிப்போயிற்று. அதைக் கழுத்திலிருந்து கழற்றி அக்காவிடம் நீட்டினார். அத்தனை வருஷம் வெறும் கண்ணால் பார்த்ததை அவள் முதன்முறையாகப் பக்கத்தில் பார்த்தாள். நான் தொடக்கத்தில் சொன்னது அந்த நேரத்தைத்தான்.

அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் அந்த நிமிஷத்தில் அவர் திருச்சிக்கு என்ன, மெட்ராஸுக்கே அனுப்பியிருப்பார். அக்கா பைனாகுலரை இறக்கிவிட்டு என்னைத்தான் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

காட்டுக் காவலுக்கு இருந்த கார்டு அவன். காக்கிச் சட்டை, இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கரிக்கு மரம் திருடுகிறவர்கள் அந்த நாட்களில் அதிகம் என்பதால் காலையிலேயே சுற்றி வந்துகொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் கள்ளமில்லாமல் சொன்னான். "வாங்கம்மா. ரொம்ப நாளா காணோமேன்னு நெனச்சேன். கல்யாணம்னு சொன்னாங்க. மேலப் பள்ளத்துலயும் ஒரு சோடி வந்து எறங்கியிருக்குங்க." பிறகுதான் எங்களைக் கவனித்துக் கும்பிட்டான்.

அத்தான் சிரித்த முகமாகவே கேட்டார். "அம்மா அடிக்கடி வருவாங்களோ?"

"வருவாங்க, பாப்பாங்க, போவாங்க. காட்டுல ஒரு குச்சி ஒடிக்க மாட்டாங்க." நற்சான்று கொடுப்பதாகத்தான் அவன் நினைத்தான்.

அத்தான் என் பக்கம் திரும்பினார். "நீயும் கூட இருப்பேல்ல, மச்சான்?"

சாதாரணமாகத்தான் கேட்டார். நான் அதைக் கேலிக்கு எடுத்துக் கொடுத்த அடியாக நினைத்துக்கொண்டேன். இரண்டு நாளாக நடந்துகொண்டிருந்த விளையாட்டின் அடுத்த ஆட்டம் என்று நினைத்தேன். ஒரு கணம்கூட யோசிக்காமல், சிரிப்பு வாங்கும் குரலில் சொன்னேன்.

"நான் எதுக்கு அத்தான்? எங்க அக்காவுக்குக் காட்டையே எழுதி வச்சுட்டாருல்ல இந்தக் கார்டு!"

யாரும் சிரிக்கவில்லை. கார்டின் முகம் வெளுத்தது. அத்தான் பைனாகுலரை அக்கா கையிலிருந்து வாங்கி உறையில் போட்டார். பொத்தானை அழுத்தி மூடினார். அப்புறம் வேறு ஒரு குரலில், ஆபீஸில் விசாரணை செய்யும் குரலில், மறுபடி கேட்டார்.

"விளையாட்டை விடு. இவ இங்க தனியாவா வந்தா?"

அக்கா என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. காத்திருந்தாள், அவ்வளவுதான். 'என்னோடுதான் வருவாள், நான்தான் பாலத்தடியில் உட்கார்ந்து பீடி குடிப்பேன்' என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சொல்லியிருந்தால் எல்லாம் பாலத்தடியிலேயே முடிந்திருக்கும். அப்பா எனக்கு ஒரு முழம் தூரத்தில் நின்றார். அவர் கையையும், என் காலேஜையும், ஏரையும் நான் நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். கையிலிருந்த பூட்ஸைப் பார்த்தபடி நின்றேன்.

அவள் சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தையில் என்னைக் காட்டிக்கொடுத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். சொல்லவில்லை. என் படிப்பு நின்றுவிடும் என்று அவளும் நினைத்தாள். அவள் எனக்காக வாயை மூடியதும் நான் எனக்காக வாயை மூடியதும் அந்தக் காட்டில் ஒரே மாதிரிதான் கேட்டிருக்கும்.

அத்தான் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. இன்னும் இரண்டு நாள் தங்க வேண்டியவர் அன்று மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பினார். வாசலில் நின்று அப்பாவிடம், "டிரெயினிங்னு ஏதோ சொல்லிட்டிருந்தா. அதெல்லாம் வேணாங்க மாமா. வூட்டுலயே வேலை கெடக்கு" என்றார். "உங்க இஷ்டம் மாப்பிள்ளை" என்று அப்பா சொன்னார். உள்ளே சாமான் கட்டிக்கொண்டிருந்த அக்கா அதைக் கேட்டாள். நானும் கேட்டேன். அப்போதும் எனக்கு நேரம் இருந்தது. அந்தக் கார்டை அப்பா ஆள் பிடித்துப் பச்சைமலைப் பக்கம் மாற்றச் செய்தார். அவனுக்கு என்ன ஆயிற்று என்று நான் விசாரித்ததே இல்லை.

நான் படித்தேன். அவள் வாயை மூடிக்கொண்டதால் கிடைத்த படிப்பை முழுசாகப் படித்தேன். வாத்தியாராகி, தலைமையாசிரியராகி, பெண்கள் பள்ளி ஆண்டுவிழாக்களில் தலைமை வகித்து, பெண்கல்வியைப் பற்றிக் கைதட்டல் வாங்கும்படி பேசியிருக்கிறேன். அந்த மேடைகளை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. நான் மாலை போட்டுக்கொண்டு பேசிய நேரத்தில் அக்கா ஜெயங்கொண்டம் பக்கத்தில் தன் புகுந்த வீட்டிலிருந்து கடைக்குப் போகக்கூட ஒரு கொழுந்தன் மகனைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கோயிலுக்குத் துணை, ஆஸ்பத்திரிக்குத் துணை. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரம் அவர்கள் தோப்பிலிருந்து தெரியும். அங்கே போவதற்கும் துணை கிடைக்கும் நாளுக்காக அவள் காத்திருக்க வேண்டும். நாற்பது வயது, ஐம்பது வயதுப் பெண்மணிக்கு!

அப்பா இறந்து பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. பயப்பட ஆள் இல்லாதபோது வரும் தைரியத்துக்கு என்ன மதிப்பு? அவள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுதும்விட்டேன். அவள் மொச்சை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"இதை எங்கிட்ட எதுக்குடா சொல்ற? எனக்குத் தெரியாததா? வேப்பங்கொழுந்து கிள்ளிக் கொடுத்தவ நான். கேள்வி கேட்டவரு கூடத்துல உக்காந்திருக்காரு. அங்க போய்ச் சொல்லு."

போனேன். அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். காட்டை, கார்டை, பாலத்தை, பீடியை, ஒன்று விடாமல். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"எந்தக் காடு மச்சான்? உங்க ஊருல நாம காட்டுக்கா போனோம்?"

நடிக்கவில்லை. உண்மையிலேயே மறந்துபோயிருந்தார். காரணம் போய்விட்டது, துணையில்லாமல் அவள் வெளியே போகக் கூடாது என்ற கட்டு மட்டும் நின்றுகொண்டிருந்தது. வீட்டு வழக்கம் என்று எல்லோரும் அதன்படி நடந்துகொண்டிருந்தார்கள். அடுப்படியில் மொச்சை உரிக்கும் சத்தம் நின்று, கொஞ்சம் பொறுத்து மறுபடி தொடங்கியது. "அவளைக் காப்பி போடச் சொல்லு" என்றார் அத்தான்.

அவர் காலமாகி வருஷம் திரும்பிய பிறகு ஓர் ஐப்பசியில் நான் அக்காவைப் பார்க்கப் போனேன். காலையிலேயே குளித்து, கைப்பையோடு வாசலில் நின்றிருந்தாள். எங்கே என்று கேட்டேன். நம் ஊர்க் காட்டுக்கு என்றாள். பாதிக் காட்டை அழித்துத் தைலமரம் வைத்துவிட்டார்கள், சிமெண்டுக்காக வெட்டிய பள்ளங்கள் பக்கத்தில் வந்துவிட்டன, இப்போது அங்கே என்ன இருக்கப்போகிறது என்றேன். அவள் கைப்பையைத் திறந்து சில்லறையை எண்ணினாள். கார் வைக்கிறேன் என்றேன். பஸ் இருக்கிறது என்றாள்.

"நான் கூட வரட்டுமாக்கா? இந்த வயசுல தனியா..."

அவள் திரும்பினாள். நான் அவள் கோபத்தை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். கண் சிவக்கவில்லை, குரல் உயரவில்லை.

"கூட வந்து என்னடா பண்ணுவ? அன்னைக்கும் கூடத்தான வந்த? வூட்டுல இரு. நான் போயிட்டு வரேன்."

பஸ் நிலையம் வரைக்கும்கூட என்னை வரவிடவில்லை. நான் பகல் முழுக்க அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பேரப்பிள்ளைகள், "அம்மாயி எங்க? துணைக்கு யாரு போனா?" என்று கேட்டதற்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். "தனியாப் போயிருக்கா" என்று ஒவ்வொரு தடவையும் சத்தமாகச் சொன்னேன். சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லாத அந்த வார்த்தை, அப்போது யாருக்கும் உபயோகமில்லாமல் என் வாயிலிருந்து தாராளமாக வந்துகொண்டிருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்தாள். புடவைக் கரை முழுக்க ஒட்டுப்புல். பாதத்தில் செம்மண். களைத்திருந்தாள், ஆனால் அந்த வீட்டில் அவள் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. புடவைக் கரையை மடியில் போட்டு ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள். நான் குனிந்து கால்பக்கம் ஒட்டியிருந்ததை எடுக்கப் போனேன். காலை இழுத்துக்கொண்டாள்.

"என்ன பாத்தேக்கா?" என்று கேட்டேன்.

"உனக்கெதுக்கு?" என்றாள்.